மூன்றாம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும்

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூன்று பேர் வேலை பார்த்தோம்: மலையாளியான பேராசிரியர், அதே ஊரில் கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் தமிழனான நான், திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த டெக்னீஷியன். நூல் கனமுள்ள பிளாஸ்டிக் இழைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் ஒரு பட்டை. அப்படி ஆறு பட்டைகளை இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாகச் சட்டத்தில் பொருத்தியிருந்தோம். வானத்திலிருந்து ஓயாமல் விழும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒவ்வொரு பட்டையிலும் எந்த இழையைத் துளைக்கிறதோ, அந்த இழை மினுங்கும். மினுங்கிய புள்ளிகளைச் சேர்த்தால் கம்ப்யூட்டரில் நேர்கோடு வர வேண்டும்.

வெளிநாட்டுப் பரிசோதனை ஒன்றுக்குப் பட்டைகள் செய்யும் வேலையை எங்களுக்குத் தரலாமா என்று பார்க்க, மும்பையிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். மூன்றாவது, ஐந்தாவது பட்டைகளில் பசை இறுகும்போது காற்றுக் குமிழிகள் விழுந்திருந்தன. அவை இல்லாவிட்டாலும் மீதி நான்கு போதும், கோடு தெரியும். அவரை அழைத்துவரக் கிளம்பும்போது டெக்னீஷியனிடம் சொன்னேன்: "மூணாமத்ததும் அஞ்சாமத்ததும் மாத்தி வெச்சுடுங்கோ."

அவர் வந்ததும் கருவியை ஓட்டிக் காட்டினோம். செங்குத்தாக விழுந்த துகள்கள் நேராக வந்தன. சாய்ந்து விழுந்தவை எல்லாம் நடுவில் முறிந்து நெளிந்தன. அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சட்டத்தில் ஆறு பட்டைகளும் இருந்தன.

"மாத்தி வெக்கச் சொன்னேனே?" எல்லோர் முன்னாலும் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"மாத்தித்தான் சார் வச்சிருக்கேன். மூணு கெடந்த எடத்துல அஞ்சு, அஞ்சு கெடந்த எடத்துல மூணு." அது தெரியாத கம்ப்யூட்டர் பழைய வரிசைப்படியே புள்ளிகளைச் சேர்த்திருந்தது.

பேராசிரியர்தான் முதலில் சிரித்தார். "எடோ, தான் பறஞ்ஞது மலையாளம்." நான் சொன்னது மலையாளமாம்: அதில் மாற்றி வைப்பது என்றால் எடுத்து ஓரமாக வைப்பது.

"நீங்க தமிழ்ல பேசுதீங்கன்னுல்லா சார் நெனச்சேன்" என்றான் டெக்னீஷியன்.

சேர்ந்த அன்று அவனிடம், இங்கே நம்ம தமிழிலேயே பேசிக்கலாம் என்று சொன்னவன் நான். என்ன சிரிப்பு என்று அம்மையார் கேட்டார். ஆங்கிலத்தில் விளக்கினேன்: ஒரே சொல், தமிழில் இடம் மாற்றுவது, மலையாளத்தில் எடுத்துவிடுவது. அவரும் ரசித்துச் சிரித்தார். பிறகு கேட்டார்: "எதற்காக எடுக்கச் சொன்னீர்கள்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். குமிழி விழுந்ததை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மையார் இரண்டு பட்டைகளையும் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குமிழி எல்லோருக்கும் விழுகிறது. உங்களுக்கு எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவரை வழியனுப்பப் பேராசிரியர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"வேண்டா" என்றார் பேராசிரியர்.

பட்டை வேலை எங்களுக்கு வரவில்லை.