வீட்டுக்கு ஒரு தோள்

இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடுகிறது. அரிசி மட்டும் வேகமாட்டேன் என்கிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும் என்று கோலாலம்பூரில் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட இயற்பியல் வாத்தியார் நான். மனைவி கமலா போன பிறகு, இந்த ரிங்லெட் மலையூர் வீட்டில் நானே உலை வைத்தபோதுதான் அந்தப் பாடத்தை அரைவேக்காட்டுச் சோறாக மென்றேன். இப்போது குக்கர் வாங்கிவிட்டேன். அலுப்பு மட்டும் தீரவில்லை.

நாகர்கோவிலிலிருந்து தம்பி தினமும் போன் செய்கிறான். "அண்ணே, மாடி ரூம் ரெடி. எப்ப வாறீங்க?" அடுத்த மாதம் என்பேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டியவனுக்கு இது பெரிய முன்னேற்றம். இளம் வயதில், தாய்நாட்டில், ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு, வானத்திலிருந்து பாறையைத் துளைத்து இறங்கும் துகள்களுக்காகக் காத்துக் கிடந்தேன். நாள் கணக்கில் ஒன்றும் வராது. காத்திருப்பதுதான் வேலையே. பிறகு மலேசியாவில் ஒப்பந்த விரிவுரையாளர் வேலை. ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் இந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஆசிரியை கமலாவைக் கட்டிக்கொண்டேன், பேராசிரியரும் ஆனேன். துகள்கள் எங்கே பிறந்து எங்கே வந்து விழுகின்றன என்று கட்டுரை கட்டுரையாக எழுதினேன். என் விஷயத்தில் அதே கேள்வியைக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன வாரம் கமலாவின் தோழி லெட்சுமி இறந்துபோனார். கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் ஒரு வழக்கம்: சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒருவர் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டும். கமலாவுக்கு, தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்கத் திரண்டு வந்து தோள் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு இப்போது நான் ஒருவன்தான். தூறலில் நடந்து போனேன். முன்னாள் கங்காணி முனியாண்டி என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க புரொபசர். வீட்டுக்கு ஒரு ஆளு வந்தாச்சு லா."

"எங்க வீட்டுக்கு நான்தானே?"

"நீங்க ஊருக்குப் போறவங்க. உங்கள நாங்க சேக்கல லா."

பாசமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த சேதிதான், இருந்தும் வலித்தது. நாளைக்கு நான் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று முதல்முறையாகப் பயம் வந்தது. பாடையைத் தூக்கியபோது எழுந்துபோய் முனியாண்டிக்குப் பின்னால் என் தோளை வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். தடுக்கவில்லை, கொஞ்சம் முன்னே நகர்ந்து இடம் விட்டார். லோரி நின்ற மேடு வரைதான். அதற்கே எனக்கு மூச்சு முட்டியது.

பாடையை ஏற்றி முடிக்கவும் போன் அடித்தது.

"என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது?"

"ஒரு சாவுக்கு வந்தேன்."

"நமக்குச் சொந்தமா?"

லோரியின் மேலிருந்து முனியாண்டி கையை நீட்டினார். "ஏறுங்க புரொபசர், இடம் இருக்கு லா."

"சொந்தம்தான்" என்றேன் தம்பியிடம்.

"அப்படின்னா நமக்கு எத்தனை நாள் தீட்டு அண்ணே?"

போனைக் காதோடு பிடித்தபடி மறு கையை முனியாண்டியிடம் கொடுத்தேன். ஒரு கால் லோரியில் ஏறிவிட்டது. மற்றது இன்னும் ஈரத் தார்ச்சாலையில்தான் இருந்தது.