கம்பியைப் பிடுங்கினால் உறங்கிவிடும் போன்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஹலோ சார்’ என்று பெயர். யார் கூப்பிட்டாலும், “ஹலோ, என் குரல் சரியாக் கேக்குதா?” என்பார். கேட்கிறது என்று பதில் வந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று காட்டும் சின்னத் திரைக்கு நிரல் எழுதுவது அவர் பிழைப்பு. மிச்ச நேரத்தில், அதாவது மற்றவர்கள் வாழும் நேரத்தில், கைபேசியில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஒன்பது வருடமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அதன் மூலநிரல் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். யாரும் படிப்பதில்லை, திருத்தச் சொல்லி எழுதுவார்கள்.

ஆரம்பத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணமானது. ஒருவர் மூலநிரலைப் பூட்டி வைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருவர் கோபித்துக்கொண்டு தனிக்கடை போட்டு, அதையும் மூடினார். கடைசியில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர் என்ற ஒரே தகுதியில் ஹலோ சார் தலைவரானார்.

தான் எழுதியதைத் தானே நம்பாவிட்டால் எப்படி என்று, அந்த மென்பொருள் ஓடும் போனைத்தான் அவரும் வைத்திருந்தார். ஆகவே அவரைப் போனில் பிடிக்கவே முடியாது.

கோளாறு இதுதான். சும்மா கிடக்கும் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க உறங்கிவிடும். அழைப்பு வந்தால் விழிக்கும். ஆனால் சோம்பல் முறித்து எழுந்து மணியடிப்பதற்குள் கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்திருப்பார். எங்கே தாமதம் என்று பார்க்கக் கணினியோடு கம்பியால் இணைத்தாலோ, கம்பி இருக்கும்வரை போன் உறங்காது. உறங்காத போனில் கோளாறும் இல்லை. கண்காணித்தால் ஒழுங்கு, விட்டால் மோசம். ஐந்து மாதமாக இதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியது. பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மேய்கிற மனுஷி. இப்போது தலைப்புகூடத் தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். முறை வந்தால் ஒரே ஒரு தடவை போன் செய்வார்கள். எடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. ஹலோ சார் படிவத்தில் தன் எண்ணை எழுதிவிட்டு வந்தார். எழுதும்போது அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மனைவிக்கு உறைத்தது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் போனும் காதுமாக இருப்பவள் அவள்.

“உங்க நம்பரையா குடுத்தீங்க?”

“ஏன், என் நம்பருக்கு என்ன?”

“நம்பருக்கு ஒண்ணுமில்லங்க. போனுக்குத்தான்.”

“இவனுக்குப் போன் பண்றதுக்கு நேர்ல நடந்து வந்து கதவத் தட்டிடலாம்மா,” என்றாள் அம்மா மருமகளிடம்.

“சிம்மைக் கழட்டி ஒரு சாதாரண போன்ல போடுங்களேன், கொஞ்ச நாளைக்கு.”

நியாயமான யோசனைதான். ஆனால் ஒன்பது வருடம் எழுதியது பெற்ற தாய்க்கு வரும் ஒரு அழைப்பைக்கூடத் தாங்காது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே. நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். சட்டைப்பையில் போன், கால்சட்டைப்பையில் பவர் பேங்க், நடுவில் கம்பி. கம்பி இருந்தால் உறங்காது, உறங்காவிட்டால் மணியடிக்கும். கையோடு கொண்டுபோகும் போனைக் கட்டிப்போட்டுக்கொண்டு மூன்று வாரம் நடமாடினார். குளியலறைக்கும் அப்படியே போனார். மருத்துவமனைக்காக லைன் காலியாக இருக்கட்டும் என்று வேறு யாரையும் கூப்பிட விடவில்லை.

நான்காவது வாரம் கோளாறு பிடிபட்டது. இடம் மாறிக் கிடந்த ஒரே ஒரு வரி. திருத்தினார். கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தால்தான் தெரியும். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பிய மனைவியிடம் சொன்னார்: “இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்பிடு. அடிச்சதும் வச்சிடு.”

முதல் தடவை உடனே அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது. மூன்றாம் தடவை, சந்தோஷம் தாங்காமல் எடுத்துவிட்டார்.

“ஹலோ, என் குரல் சரியாக் கேக்குதா?”

“கேக்குதுங்க! கிடைச்சிட்டீங்களே!”

எத்தனையோ மாதமாக அவரைப் போனில் பிடிக்க முடியாதவளுக்குச் சொல்ல நிறைய சேர்ந்திருந்தது. வாஷிங் மெஷின் ஆடுவது, அவள் தம்பி வீடு மாறுவது, டாக்டர் தன் தப்புக்கு இவள்மேல் எரிந்து விழுந்தது. இவரும் உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். அந்தப் போனில் அதுவரை யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

“யாருடா அது?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“அவதாம்மா.”

“ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?”

பதினொரு நிமிடம் பேசினார்கள். பிறகு, போன் எத்தனை நொடியில் விழித்தது என்று பெருமையாகப் பதிவைத் திறந்து பார்த்தார். நடுவே ஒரு வரி: பத்து நாற்பத்தேழு, இரண்டாவது அழைப்பு, நிராகரிக்கப்பட்டது. மருத்துவமனை எண்.

ஒருவரோடு பேசும்போது இன்னொருவர் கூப்பிட்டால் அவரைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்படி எழுதியவரும் அவரேதான். அதை மாற்றச் சொல்லி ஆறு வருடத்துக்கு முன்பே யாரோ கேட்டிருந்தார்கள். ‘அவசரமில்லை’ என்று பதில் போட்டிருந்தார்.

திருப்பிக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஓடினார். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் ஏட்டைப் புரட்டினாள்.

“கூப்பிட்டோமே சார். பிசின்னு வந்துச்சு.”

“அது பிசியானதே இன்னிக்குத்தான் மேடம்.”

“அடுத்த ஆளுக்குச் சொல்லியாச்சு சார். இனி மூணு மாசம் ஆகும். வீட்டுல வேற யார் நம்பராவது இருக்கா?”

மனைவியின் எண்ணைச் சொன்னார்.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை.

“போன் அடிச்சுதா?”

“அடிச்சுதும்மா. உடனே.”

“அப்ப சரி பண்ணிட்ட.” ஆறுதலா குத்தலா என்று அவருக்குப் புரியவில்லை. “மூணு மாசம் எனக்குப் பேப்பர் யாரு படிக்கிறது?”

சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் அவர் படித்தார். லிஃப்ட் திரையைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். நான்காம் நாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இத மூடுடா. உன்னை யாரோ திட்டி எழுதுவாங்களே, அதைப் படி.”

மடிக்கணினியைத் திறந்தார். புகார்ப் பட்டியலில் இருந்த முதலாவதைத் தமிழில் சொன்னார். எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் ஒருவருக்கு, அழைப்பைத் துண்டித்த பிறகும் எதிராளியின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

“எழுதி எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷமாவா? அவனுக்கு முதல்ல ஒரு வரி பதில் போடுடா. போட்டுட்டு அடுத்ததைப் படி.”

“நானூத்திப் பன்னெண்டு இருக்கும்மா.”

“படி. மூணு மாசம் இருக்குல்ல.”