வலத்துப் பெட்டி

எங்கள் காருக்குப் பாட்டு செட் வைத்த கதையை எடுத்தாலே என் கணவருக்கு இப்போதும் முகம் சுருங்கும். சுருங்கட்டும். அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அரூரில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு பழைய அம்பாசடரை நிறுத்திக்கொண்டு வாடகைக்கு ஓட்டினார். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் கழிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்தச் சவாரிகளை நம்பித்தான் எங்கள் வண்டி ஓடியது.

அந்த வருஷம் சேலத்துக்காரர் ஒருவர் பின்பக்கம் பெரிய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வைத்த காரோடு அரூருக்குள் வந்துவிட்டார். அப்புறம் எங்கள் வண்டியைப் பார்க்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் டயரையும் பார்க்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை. "பாட்டு இருக்குதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிற்று. கடைசியில் சேலத்துக்கே போய் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்கி வந்துவிட்டார். ஆசாரியிடம் சொல்லி இரண்டு மரப்பெட்டி செய்து, ஸ்பீக்கரை அதில் பொருத்தி, கறுப்புப் பெயின்ட் அடித்தார். டிக்கியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தார். சத்தம் உள்ளே வருவதற்காகப் பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த அட்டையை அறுத்தும் விட்டார். எல்லாம் அவரே செய்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை, முக்கியமாக என்னை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு பெண்ணின் தாய்மாமன் கேட்டுப் பார்க்க வந்தார். மணப்பெண் ஏறும் காரை முடிவு செய்கிற பொறுப்பு அவருடையது. பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். என் கணவர் கேசட்டைப் போட்டார். பாட்டு வந்தது, ஆனால் அடிச்சத்தம் வரவில்லை.

"சேலத்துக் காருல நெஞ்சுல டொம்முனு இடிக்குதுங்க. இது டப்பாவுல அரிசியப் போட்டு ஆட்டுனாப்பல இருக்குது" என்றார் அவர். நல்ல மனுஷர். அதோடு போய்விடாமல், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மறுபடி வருவதாகச் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது ரசத்தைப் பிசைந்துகொண்டே என் கணவர் சொன்னார்: "பெங்களூருல ஒரு கம்பெனிக்கு டிரைவர் வேணுமாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த செட்டு சரியாவலீன்னா வண்டியக் குடுத்துட்டு திங்கக்கெழம வந்துடறேன்னு சொல்லியனுப்பிட்டேன்."

என் வேலை அரூரில். நான் அவரோடு போக முடியாது. மாசம் ஒரு தரம் வருவாராம். இன்றைக்குப் பால் கெட்டுவிட்டது என்று சொல்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டு அப்பளம் கேட்டார். அப்பளத்தை வைத்தேன். வைத்த வேகத்தில் அது நொறுங்கிவிட்டது.

வியாழக்கிழமை பேட்டரி சரியில்லை என்றார். மாற்றுப் பேட்டரி வைத்தும் அதே அரிசிச் சத்தம்தான். வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் பஞ்சு வைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, நான் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்துவிட்டார். அன்றைக்கு முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். சனிக்கிழமை வலத்துப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு இடத்துப் பெட்டியை மட்டும் பாட வைத்தார். அடிச்சத்தம் நன்றாகவே வந்தது. இடத்தைக் கழற்றி வலத்தை மாட்டினார், அதுவும் நன்றாக இடித்தது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் எல்லாம் போய்விட்டது.

அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. வாசலுக்குப் போய், "ஏங்க, தனித்தனியா நல்லாத்தான இருக்குது?" என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர், இது பள்ளிக்கூடப் பாடம் இல்ல. நீ உள்ள போ."

போனேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இனி அவராகக் கேட்டாலொழிய வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன். பெங்களூர் பஸ் கிளம்ப இரண்டு நாள்கூட இல்லாதபோது என்ன வீம்பு என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். அவர் சாப்பிடவில்லை. டிக்கியைத் திறந்து பெட்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் என் வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரி கட்டையை உருவி எடுத்துக்கொண்டு போனேன்.

"தள்ளுங்க."

தள்ளி நின்றார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாகப் போகும் இரண்டு வயரையும் ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றினேன். "ரெண்டு ஸ்பீக்கர் மேலயும் விரல வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, வயர் முனைகளைப் பேட்டரி கட்டையின் மேலும் கீழும் தொட வைத்தேன். டிக்கிக்குள் டப் என்று ஒரு சத்தம்.

"எடத்தது வெளிய தள்ளுது. வலத்தது உள்ள போவுது" என்றார்.

"ரெண்டும் சேந்து வெளிய தள்ளணும். இங்க ஒண்ணு காத்தத் தள்ளுது, இன்னொண்ணு அதையே இழுத்துக்குது. அப்புறம் அடிச்சத்தம் எங்கிருந்து வரும்? வயர எப்படிக் கட்டுனீங்க?"

"மாட்டுக்குக் கட்டறாப்பலதான். எடத்து மாட்டுக்கு வெளிப்பக்கம் கயிறு, வலத்து மாட்டுக்கும் வெளிப்பக்கம் கயிறு."

இருபது வயது வரை வண்டிமாடு ஓட்டியவர். ஜோடி என்றால் எதிரும் புதிருமாகத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகியிருந்தது. இரண்டு பெட்டியிலும் பின்னால் ஒரே மாதிரி இரண்டு திருகு. ஒரே வயரை இடத்துப் பெட்டிக்கு இடது திருகிலும் வலத்துப் பெட்டிக்கு வலது திருகிலும் மாட்டியிருந்தார். இரண்டிலுமே இடது திருகுக்குத்தான் சிவப்புப் பொட்டு. அதன்மேலும் லட்சணமாக இருக்கட்டும் என்று கறுப்பு அடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

வலத்துப் பெட்டியில் மட்டும் வயரை மாற்றிக் கட்டினார். பாட்டைப் போட்டதும் நம்பர் பிளேட் அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கோழி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியது. நாலு மணிக்குத் தாய்மாமன் வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "பொண்ணு இதுலதாங்க வரும்" என்று சொல்லி, கல்யாணத் தேதியையும் கோயிலையும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிக்கியை மூடிவிட்டு, "நேத்தே தெரிஞ்சிருக்குது உனக்கு. ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கலியே."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, கையில் ஒட்டியிருந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"பெங்களூரு போறதுக்குங்கூட உன்ன ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"இப்பக் கேக்கறேன். போவட்டுமா?"

சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் வகுப்பில் நிற்கும்போதும் அவரிடம் வாதாடிக்கொண்டேதான் இருந்தேன். அதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"போவாதீங்க" என்றேன்.