அக்காவுக்கு வாங்கிய ஆறு நண்டுகள்

நண்டுச் சதையைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தின் ஒரே பக்கத்தில் அடங்கும். உயர்ந்த ரகப் புரதம், கொழுப்பு மிகக் குறைவு, எளிதில் செரிக்கும், இரத்தம் ஊற உதவும் செம்புச் சத்தும் பி-12 வைட்டமினும் உண்டு. சிதம்பரத்தில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாமலை நகர் பெண்கள் விடுதியில் உட்கார்ந்து, அக்காவுக்காகவே எழுதியதுபோல அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தில் யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும் அப்பா என்னைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார். அக்காவின் சோகைக்கும் என்னிடம்தான் பதில் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன முறை போயிருந்தபோது அக்காவின் மாமியாரிடம் நண்டைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நண்டு சூடு, புள்ளத்தாச்சிக்கு ஆகாது, ஒரு தடவை பட்டது போதும் என்றார். நான் புரதம் என்றேன். "அதெல்லாம் உன் பரீச்சையில எழுது," என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை வாரம் முழுவதும் என்னை உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை அத்தை காடாம்புலியூருக்கு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதாக, அக்கா பக்கத்து வீட்டில் சொல்லி எழுதவைத்த கடிதத்தில் இருந்தது. ஓ.டி. மார்க்கெட்டில் நண்டு வாங்கினால் நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிடும். அதனால் சிதம்பரம் மார்க்கெட்டிலேயே வாங்கினேன். கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி, சேற்று நண்டுகள் ஆறைப் பொறுக்கி, கொடுக்குகளை வைக்கோலால் கட்டி, ஓலைக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். வழியில் எது ஆடாமல் கிடக்கிறதோ அதைத் தூக்கிப் போட்டுவிடச் சொன்னாள். நான் தலையாட்டினேன். காதில்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

பாசஞ்சர் ரயில் ஆலப்பாக்கத்தில் எதிர் வண்டிக்காக வெகுநேரம் வெயிலில் நின்றது. கூடை என் காலடியில் இருந்தது. முதலில் உள்ளே உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு குறைந்துபோனது.

அக்கா வீட்டில் கூடையைத் திறந்தபோது இரண்டு நண்டுகள் அசையவில்லை. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். கால்கள் தொய்ந்து கிடந்தன. அவைதான் ஆறிலும் பெரியவை. கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் ஊரில் வயல் நண்டை வரப்பில் பிடித்த கையோடு அம்மியில் தட்டி ரசம் வைத்துவிடுவார்கள். செத்த நண்டை என்ன செய்வது என்ற கேள்வியே எங்கள் வீட்டில் வந்ததில்லை. செத்துவிட்டால் மட்டும் புரதம் எங்கே போய்விடும் என்று நினைத்தேன். ஆறையும் சட்டியில் போட்டேன்.

ஓட்டை உடைத்து, சதையைப் பிரித்து, பெரிய கொடுக்குகளை எல்லாம் அக்காவுக்கே வைத்தேன். நான் குழம்பை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நெடுநாளைக்குப் பிறகு வயிறார அவள் சாப்பிட்டாள். "படிச்சவ சமையலு ருசியாதான் இருக்கு," என்று சிரித்தாள்.

மூன்று மணிக்கு அவளுக்கு வயிறு வலித்தது. வாந்தி எடுத்தாள், பேதியும் ஆனது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவளின் உதடு வெளுத்திருந்தது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொன்னாள். நான் அவள் புடவையில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை என்று தெரிந்தும் மறுபடி மறுபடி பார்த்தேன். படித்த பக்கத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

நான்கு மணிக்கு அத்தை பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். அடுப்படியை எட்டிப் பார்த்தவர், ஓடுகளைப் பார்த்துவிட்டு ஜட்கா வண்டிக்கு ஆள் அனுப்பினார். வண்டியில் அக்காவின் தலை அவர் மடியில் இருந்தது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"நண்டு. நாந்தான் ஆசப்பட்டுக் கேட்டேன். அவ மேல ஒண்ணும் இல்ல."

பேசாமல் இருந்துவிட்டால் அதோடு முடிந்துவிடும். அத்தையும் ஒருவேளை நம்பியிருப்பார். ஆனால் உண்மை தெரியாமல் டாக்டரம்மா தவறான மருந்து எழுதிவிட்டால் என்ற பயம் என்னை நெருக்கியது.

"அவ கேக்கல. நான்தான் கட்டாயப்படுத்திக் குடுத்தேன். அதுல ரெண்டு செத்துப்போயிருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நண்டு கெட்ட உணவில்லை, உயிர் போன நண்டு கொஞ்ச நேரத்திலேயே கெட்டுவிடும், அதுதான் கெடுதல் என்றார்.

"ஏன்டி, உன் புஸ்தகத்துல அத போடலியா?" என்று அத்தை கேட்டார்.

"போடல அத்தை," என்றேன்.

இப்போது யோசித்தால் புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அது நல்ல நண்டைப் பற்றி எழுதியிருந்தது. என் கூடையில் இருந்ததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

சலைன் ஏற்றினார்கள். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. அந்த இரண்டு நாளும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அக்கா புரண்டு படுத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

என் பயம் மட்டும் வீடு திரும்பவில்லை. விஷம் குழந்தைக்குள் போயிருந்தால்? மூளையில் ஏதாவது, கையில் காலில் ஏதாவது? விலங்கியல் படித்த எனக்குக் கருவைப் பற்றிப் பயப்படத் தேவையான அளவு தெரிந்திருந்தது, ஆறுதல் அடையத் தேவையான அளவு தெரிந்திருக்கவில்லை. விடுதிக்குத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் எனக்கு வகுப்பில் காது கேட்காது.

பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை எனக்கு முன்பே வந்திருந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, துணியை விலக்கி, குழந்தையின் கைவிரல்களை எண்ணினேன். பிறகு கால்விரல்களை. விரலை நீட்டி இப்படியும் அப்படியும் அசைத்து, கண் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தேன்.

"எண்ணிட்டியா?" என்று அத்தையின் குரல் பின்னாலிருந்து வந்தது.

நான் துணியை இழுத்து மூடினேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. வந்ததும் நானும் எண்ணிட்டேன்," என்றார்.