‘வர மறுத்தார்’

என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை நான். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். கடையில் சீல் வைத்த எண்ணெய் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும், தப்பி எனக்கு வாக்கப்பட்டுட்ட" என்பார். கேலிதான், ஆனால் எனக்கு அது பெருமையாகவே இருந்தது. குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியதும் அந்தக் குணத்தை நம்பித்தான்.

குழுவில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் போன் நம்பர் ஒன்றுதான், என்னுடையது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் பெண்களில் பாதிப்பேரின் போன் புருஷன் சட்டைப்பையில் இருக்கும். மீதிப்பேர் ஆஃபர் கிடைக்கிறதென்று ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள், அல்லது ரீசார்ஜ் தீர்ந்து போன் பரணில் கிடக்கும். என் நம்பர் ஒன்றுதான் வருஷக்கணக்காக மாறாதது. அதனால் ரேஷன் கார்டா, பேங்கா, பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பா, எந்த ஃபாரம் வந்தாலும் என் நம்பரைத்தான் போடுவோம். ஓடிபி வந்தால் நான் வாசலில் நின்று கூப்பிடுவேன், உரியவள் ஈரக் கையோடு ஓடி வருவாள். இப்படித்தான் எங்களுக்குக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என் ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். என்னைவிட ஆறு வயது சின்னவள், நடவு வேலைக்குப் போகிறவள். கொழுந்தன் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் வெளி மாவட்டத்தில் இருப்பான். அவளுக்கு எல்லாவற்றுக்கும் "அக்காகிட்ட கேட்டுக்கறேன்" என்கிற ஒரே பதில்தான்.

சம்பா அறுப்பு முடிந்த மாசி மாதம் எங்கள் நர்ஸம்மா குழுக் கூட்டத்துக்கு வந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை, காசு கிடையாது, எல்லோரும் வாங்க என்றார். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைத்தான் முதலில் பார்ப்பேன். இடுப்பு வலி என்று எங்கேயோ ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனவளுக்கு இன்சூரன்ஸ் கார்டைக் காட்டச் சொல்லிக் கர்ப்பப்பையையே எடுத்து அனுப்பிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

"சும்மா பாக்கறேன்னு சொல்லிட்டு அப்புறம் எடுக்கணும்னு சொல்லுவீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

நர்ஸம்மா கோபப்படவில்லை. "எடுக்கறதுக்கு இல்லக்கா இது. எடுக்கற நெலமை வராம இருக்கறதுக்கு. ஒரு சின்ன பிரஷ் மாதிரி குச்சியில சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவோம், அவ்வளவுதான்" என்றார்.

என் ஓர்ப்படிதான், "நான் மொதல்ல போறேங்க்கா, நீங்க வெளியில நின்னு பாத்துக்குங்க" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "மூக்குத்தி குத்துன வலிகூட இல்ல. வெக்கந்தான்" என்று சொல்லிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள், நானும் போனேன்.

ஃபாரம் பதினொன்றையும் நான்தான் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். நர்ஸம்மா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே நம்பரா?" என்றார். "எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றேன் நான், பெருமையாக. பின்னால் கூட்டம் நின்றது, அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "ரிசல்ட் வர ஒரு மாசமாவும். ஏதாவது இருந்தா போன் வரும். இல்லன்னா வராது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது. அந்த இடத்துக்கு ஏழு மாதம் ஆள் போடவில்லை.

பங்குனிக் கடைசியில், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், முதல் போன் வந்தது. உளுந்து எடுத்து முடித்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்த நேரம். ஒரு பெண் குரல், என் ஓர்ப்படியின் பெயரைச் சொல்லி, "அவங்கதான் பேசறீங்களாம்மா?" என்றது.

"நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்மா. கேம்ப்ல டெஸ்ட் குடுத்தாங்கல்ல, அது விஷயமா."

"ரிசல்ட் என்ன? எங்கிட்ட சொல்லுங்க, நான் அவ அக்காதான்."

"அத அவங்ககிட்டதாம்மா சொல்லணும். அவங்க ஆதார்ல கடைசி நாலு நம்பர் சொல்லுங்க, சரிபாத்துக்கறேன்."

ஆதார் என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கார்டு பிளாக் ஆகிவிட்டது, கரண்ட் கட் ஆகப்போகிறது, பார்சலில் போதை மருந்து வந்திருக்கிறது என்று கூப்பிட்ட எத்தனை பேரை இதே நம்பரில் நான் விரட்டியிருக்கிறேன். எல்லாரும் கேட்பது அந்தக் கடைசி நாலு நம்பரைத்தான். மாசியில் கொடுத்த சோதனை அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. இவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது பார், எங்கேயோ லிஸ்டை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறு நம்பரிலிருந்து ஓர் ஆண். அவருக்கும் அதே திட்டுதான் கிடைத்தது. மூன்றாவது மறுபடியும் அந்தப் பெண். "அம்மா, வெச்சிடாதீங்கம்மா, முக்கியமான விஷயம், அவங்கள லேட் பண்ணாம வரச்சொல்லுங்க" என்று குரல் கெஞ்சியது. அவசரப்படுத்துகிற எவனும் யோக்கியன் இல்லை என்பது என் சித்தாந்தம். சைபர் கிரைமில் சொல்வேன் என்று மிரட்டி, இரண்டு நம்பரையும் பிளாக் செய்தேன்.

அந்த ஞாயிறு சர்ச் விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் குழுக் கூட்டம். நடந்ததை நடித்தே காட்டினேன். யார் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன், என் ஓர்ப்படி வீணாகப் பயப்படுவாள் என்று. "எங்கிட்டயே வித்த காட்டுறா" என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஆவணிக்கு மேல் அவளிடம் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. என் புத்திதான் தெரியுமே, முதலில் சந்தேகம்தான் வந்தது. நடவிலிருந்து பாதியில் கரையேறிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாதத்தில் மூன்று தடவை விலக்குத் துணி காய்ந்தது. புருஷனோடு சண்டையோ, இந்த வயதில் உண்டாகித்தான் கலைந்துவிட்டதோ என்று என்னென்னவோ கணக்குப் போட்டேன். நேராகக் கேட்டபோது, "உடம்பு சூடுக்கா, மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்றாள். போன் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாரே, அதைத்தான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் புது நர்ஸ் வந்தார். சின்னப் பெண், கையில் ஒரு லிஸ்ட். என் வீட்டு வாசலில் நின்று என் ஓர்ப்படியின் பெயரைச் சொன்னார். "இவங்களுக்கு மாசியில எடுத்த டெஸ்ட்ல சந்தேகம்னு வந்திருக்கு. மேற்கொண்டு பாக்க வரச்சொல்லி மூணு தரம் போன் பண்ணியிருக்காங்க. இந்த நம்பர் யாரோடதுங்க?"

லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று தேதிகள். பங்குனிக் கடைசி. பக்கத்தில், கடைசிக் கட்டத்தில், யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘வர மறுத்தார்’.

மறுத்தது யார்? அவளுக்குச் சேதியே போகவில்லை. அவள் பெயருக்கு நேரே என் வாய்க்கொழுப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நர்ஸிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் நம்பர்தான். அப்ப போன் ரிப்பேரா இருந்துச்சும்மா." ஊரில் எவர் பொய்யையும் முகத்தைப் பார்த்தே பிடிக்கிற நான், கண் கொட்டாமல் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு லிஸ்டை மடித்துக்கொண்டு, "சரிங்க, நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவளிடமும் அதே ரிப்பேர் கதையைச் சொல்லி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு நான்தான் அழைத்துப் போனேன். கேமரா வைத்துப் பார்த்தார்கள், சதை கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். நோய் வந்துவிட்டது, கர்ப்பப்பை வாயைத் தாண்டிக் கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆபரேஷன் போதாது, இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கவேண்டும், கூடவே மருந்தும் ஏற்றவேண்டும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் சிலருக்கு அந்த இடத்தை மட்டும் சுட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்பதையும் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் திரும்ப உள்ளே போனேன்.

"முன்னாலேன்னா எப்ப டாக்டர்? பங்குனியில வந்திருந்தா?"

"அத இப்பச் சொல்ல முடியாதும்மா. அப்பவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

எனக்காக மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நிஜத்தைத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் சில நாள் அதை நம்ப முடிவதில்லை.

சிகிச்சை கார்த்திகை கடந்து மார்கழி வரை போயிற்று. தஞ்சாவூரில் ஒரு அறை எடுத்து இருவரும் தங்கினோம். அவள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அடிவயிறு எரிகிறது என்று படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். ஒரு நாள்கூட, "அந்த போன் எனக்கு ஏன்க்கா வரல?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், முதுகு தடவினேன், பொய்யை வைத்துக்கொண்டே எல்லாம் செய்தேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழுவைக் கூட்டி, இனி எவளும் என் நம்பரை எழுதக் கூடாது என்று சத்தம் போட்டேன். அவரவர் நம்பர், கூடவே நம்பிக்கையான இன்னொருத்தர் நம்பர். புது நர்ஸிடமும் சண்டை பிடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நம்பரில் கூப்பிடுவார்கள் என்பதை கேம்பிலேயே எழுதிக் கொடுங்கள், ஆதாரைக் கேட்காதீர்கள், ரிசல்ட் நல்லதாக இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், போனை எடுக்காதவளை ‘மறுத்தார்’ என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் வீட்டு வாசலுக்கு வந்து கேளுங்கள் என்றேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த கேம்ப் முடிந்து போன் வந்த இரண்டு பேர் சாக்குச் சொன்னபோது என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். சாக்குப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினேன். ஒருத்திக்கு அந்த இடத்தைச் சுட்டு மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அவள் இறங்கி நடந்து போவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாதச் செக்கப்புக்குத் தஞ்சாவூர் போய்த் திரும்புகிற பஸ்ஸில்தான் சொன்னேன். இதுவரை பரவாயில்லை, இரண்டு வருஷம் தாண்டட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். போன் ரிப்பேர் இல்லை, மூன்று தரமும் நான்தான் எடுத்தேன், திட்டினேன், பிளாக் செய்தேன், அன்றைக்கு எல்லோரும் சிரித்தோமே, அது உன் போன்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவள் ஆரஞ்சை உரித்து முடித்தாள். பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தாள். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேங்க்கா" என்றாள். "அப்ப நடவு நேரமில்ல? நடவு முடியட்டும்னுதான் இருந்திருப்பேன்."

எங்கள் ஊரில் பங்குனியில் நடவு கிடையாது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. பதினைந்து வயதிலிருந்து நாற்று நடுகிறவளுக்கு அது தெரியாதா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆரஞ்சைத் தின்றேன்.