பின்வாசல் வழியாக வீடு பார்த்தவள்

டம்... டம்... டம். இருட்டுக்குள் யாரோ எதையோ அடிக்கிறார்கள். மூன்று அடி, ஒரு மூச்சு விடுகிற நேரம், மறுபடி மூன்று. வீடு தேடும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு என்பார்கள். எனக்கு முதலில் தேய்ந்தது காது.

நீங்களும் வீடு தேடி அலைந்தவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் கடல் ஏறி வந்து எங்கள் வீட்டு அடுக்களையை எடுத்துக்கொண்டு போனது. மிச்ச அறைகளுக்கு அடுத்த மழையில் திரும்பி வரும் என்று கடப்புறத்தில், எங்கள் கடற்கரை மீனவர் குடியிருப்பில், எல்லாருக்கும் தெரியும். என் கணவருக்குக் கொல்லம் பக்கம் விசைப்படகில் வேலை. மாதத்தில் இரண்டு முறைதான் வீடு. "நீயே பாத்து முடிவு செய்யி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நானும் நாலு வயது ஜெசியும் தனியாகப் படுத்து, பயமில்லாமல் தூங்க ஒரு வீடு. பத்து வருஷம் கான்வென்ட்டில் படித்தவள் நான். பேய் பிசாசு இல்லை என்று இங்கிலீஷிலும் சொல்வேன். இருட்டிய பிறகு எந்த பாஷையிலும் வாய் வராது. இதை எழுதுவதும் ஜெசி தூங்கிய பிறகு, விளக்கை அணைக்கத் தைரியம் வராத நேரத்தில்தான்.

அமரவிளை: மூன்று அடி

ஒரு ஊரை அறிய வேண்டுமானால் அங்கே ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, முதலில் அமரவிளையில் ரோட்டோரம் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். தூங்கினால் அல்லவா? அந்த டம் டம் தொடர்ந்து மூன்று ராத்திரி. ஜெசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்வேன். அரைத் தூக்கத்தில் அது வள்ளத்தின் விளிம்பில் துடுப்பு இடிக்கிற சத்தமாக மாறும். அறை மெல்ல மிதக்கும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடும். பிறகு விழிப்பு வந்து, மறுபடி டம்.

நாலாம் நாள் கீழ்வீட்டு சரோஜினி அம்மாவிடம் கேட்டேன். செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளைக் கை நீட்டிக் காட்டினார். டிரைவர்கள் இறங்கி இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போனார்கள். நான் மூன்று ராத்திரி ஜெபம் சொன்னேன் என்றதும் சரோஜினி அம்மா சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் தளும்பியது. "டயறுல காத்து உண்டா எண்ணு தட்டிப் பாக்கானாக்கும் மக்கா. உனக்க நெஞ்சையா தட்டுனான்?"

பாறசாலை: புரோக்கரின் கைக்கடிகாரம்

புரோக்கர் சுகுமாரன் காட்டிய பாறசாலை வீட்டுக்கு நீல ஜன்னல்கள். சிவப்புத் தரை, கால் வைத்தால் கிணற்றுப் படி போலக் குளிர்ச்சி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்கு ஒரு கோளாறு வரும். ஐந்து நிமிஷத்தில் ஐந்து வருஷம் குடியிருந்துவிடுவேன். இங்கே மாதா சொரூபம், அங்கே ஜெசியின் படிப்பு மேசை. சுவரில் அவள் பென்சிலால் கிறுக்கியதும், அதற்கு நான் அவளைத் திட்டியதும்கூட நடந்து முடிந்துவிட்டன.

சுகுமாரன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போவோம் சேச்சி, போவோம்." நான் அடுக்களையில் அலமாரி எங்கே வைக்கலாம் என்று நிற்கும்போது தரை முனகியது. ஜன்னல் கண்ணாடிகள் பற்களைப் போல் நடுங்கின. பின்னால் இருந்த வாழைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் முழுசாகப் போய் முடிந்தது. ஜெசி என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். வண்டி வராத நேரம் பார்த்துத்தான் எங்களைக் கூட்டி வந்திருக்கிறார் மனுஷன். அன்றைக்கு வண்டி முந்திவிட்டது. கேட்டதற்குக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "ரயிலு இஞ்ச நிக்காது சேச்சி, அது போயிரும். நிக்கப் போறது நீங்களல்லவா!"

காரக்கோணம்: சுத்தமான சேலை

அப்போதுதான் பிலோமி அக்கா குறுக்கே வந்தாள். என் கணவரின் கூடப்பிறந்த அக்கா. தலையில் மீன் சருவத்தோடு இந்த ஊர்களின் ஒழுங்கை என்கிற சந்துகளிலெல்லாம் நடப்பவள். சருவம் என்பது அகலமான அலுமினியப் பாத்திரம். அதில் சாளை, அயலை, நெத்தோலி. "புரோக்கரு முன்வாசலத்தான் காட்டுவான். வீட்டுக்க கொணம் அடுக்களப் பொறத்துலயாக்கும். எனக்க கூட வா, கான்வென்ட்டுக்காரி" என்றாள். மீன்காரியின் பின்னால் நடப்பதா என்று எனக்குக் கூச்சம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்து, பத்தடி தள்ளியே நடந்தேன்.

காரக்கோணத்தில் ஒரு வீட்டு அடுக்களைப் படியில் அக்கா சருவத்தை இறக்கினாள். வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்த் தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்தாள். அதன் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தை என்னைப் பார்த்தது, நான் குழந்தையைப் பார்த்தேன். பக்கத்தில் விலைக்கு வருகிற வீட்டைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னதும், அவள் குழந்தையின் வாயை மூடிவிட்டுக் கோபித்துக்கொண்டாள்: "போலியோ சொட்டு மருந்து இல்லேங்கி, இவ்வளவு சுத்தமா உடுத்தி மீன்காரிக்க பின்னால என்னத்துக்குப் பிள்ளே நடக்குத?"

அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. திரும்பும்போது அந்தி. பெரிய ஆஸ்பத்திரியின் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிய, மேட்டில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்பது போலிருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். அக்கா திரும்பி வந்து என் குடையைப் பிடுங்கி மடக்கினாள். "வெயிலு போயி அரமணிக்கூறு ஆச்சு, கண்ணத் தொறந்து நட."

ஆரியங்கோடு: இலை உதிர்கிற வீடு

இந்த வீட்டைப் பற்றி இன்றைக்கும் என்னால் நிதானமாக எழுத முடியாது. ரப்பர் தோட்டத்தின் நடுவில் ஓட்டு வீடு. இலை உதிர்கிற மாதம். காற்றே இல்லை, ஆனாலும் செம்பு நிறத்தில் இலைகள் இறங்கிக்கொண்டே இருந்தன, யாரோ மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாக விடுவது போல. மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற சிரட்டைகள். காலைப் பனி இன்னும் அடிமரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெசி இலைகளில் காலை இழுத்து இழுத்து நடந்தாள். கடலை மறந்தது போல ஒரு அமைதி. இந்த முறை ஐந்து வருஷம் இல்லை, கிழவியாகும் வரை அங்கே வாழ்ந்து முடித்துவிட்டேன்.

அக்கா பின்படியில் ஏறி நின்று, கையை வாயில் குவித்து, தொழில் கூவலைக் கூவினாள்: "மீனேய்! சாளை மீனேய்!" மூன்று முறை கூவினாள். வழக்கமாக அந்தக் குரலுக்கு நாய் முதல் பாட்டி வரை எழுந்து வரும். இங்கே ஒரு இலை விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அவ்வளவுதான். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வீடு நல்ல வீடுதான். ராத்திரி நீ பயந்து பேடிச்சுக் கூவினா, கேக்கியதுக்கு ரப்பறு மட்டுந்தான் உண்டு."

நெய்யாற்றின்கரை: இரண்டு வாசல்

அடுத்தது நெய்யாற்றின்கரை டவுனுக்குப் பக்கம். சுகுமாரன் காதோடு சொல்லித்தான் கூட்டிப் போனார்: "கடப்புறம் எண்ணு சொல்லண்டாம் சேச்சி." வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். என் இங்கிலீஷைக் கேட்டதும் டீ வந்தது. சொந்த ஊர் எது என்றார். பாறசாலைப் பக்கம் என்றேன். இரண்டு பக்கமும் அடுத்தடுத்து வீடுகள், வெளிச்சமான ஒழுங்கை. இங்கே பயம் வராது என்று உள்ளம் சொன்னது.

பின்பக்கம் கூவல் கேட்டது. வீட்டுக்காரி மீன் வாங்கப் போனாள். திறந்த கதவு வழியாக அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மீனை எண்ணத் தொடங்கினாள். நானும் டீயைப் பார்த்தேன். ஆனால் ஜெசி, "மாமீ!" என்று ஓடிப்போய் அவள் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அக்காதான் சிரித்தாள்: "மீன்காரியக் கண்டா எல்லாப் பிள்ளையளும் மாமி எண்ணுதான் விளிக்கும் அம்மா." நான் எழுந்து போய் ஜெசியின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வீட்டுக்காரர் சம்மதம் சொல்லிவிட்டார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். முக்கு திரும்பியதும் அக்கா மதில் நிழலில் உட்கார்ந்து கையில் ஒட்டிய செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள்: "நீ இஞ்ச வந்து குடியிருந்தா, நான் எந்த வாசல் வழியா வருவேன் பிள்ளே?"

கடைசி வீடு

அந்த வீடு வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். சுகுமாரன் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பள்ளிக்கூடம் திறக்க மூன்று மாதம், மழைக்கும் அவ்வளவுதான். இந்த முறை அக்காவின் பக்கத்தில், சேர்ந்து நடந்தேன். பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு பலா. உள்ளே நின்று பார்த்தேன். கனவு எதுவும் வரவில்லை. அக்கா ஒழுங்கையில் நின்று ஒரே ஒரு தடவை கூவினாள். ஐந்து அடுக்களைக் கதவுகள் திறந்தன. ஐந்து பேரும் சட்டியோடு வந்தார்கள். நான் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்: நாங்கள் கடப்புறம், இவர் என் கணவரின் அக்கா. அவர்களில் வயதான லீலா அம்மை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இனி கெட்ட மீனு தந்தா யாரப் பிடிக்கணும் எண்ணு தெரியும்!"

என் கணவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகுக்குத் திரும்பினார். குடியேறிய முதல் ராத்திரி நானும் ஜெசியும் மட்டும். பயத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வர விட்டால்தானே? அடுக்களை வழியாக ஒருத்தி அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தாள். இன்னொருத்தி பிள்ளை தூங்கிற்றா என்று பார்க்க வந்து, தூங்கிய பிள்ளையை எழுப்பிவிட்டாள். மூன்றாமவள், பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியம் சொல்ல வந்து, கிணற்றோரம் கண்ட பாம்பின் நீளத்தைக் கை விரித்துக் காட்டினாள். யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. ஒருத்தி போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி படியேறினாள். ஒன்பதரைக்கு லீலா அம்மை டார்ச்சோடு மூன்றாம் தடவை வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எல்லாம் பார்த்து, போகும்போது முற்றத்தில் நின்று சொன்னார்: "பேடி வந்தா ஒரு விளி விளிச்சா போதும் மோளே. விளிச்சில்லேங்கிலும் நாங்க வருவோம்!"

கூப்பிட்டால் ஓடி வருகிற அயல்காரர்களைத் தேடி ஐந்து ஊர் அலைந்து கண்டுபிடித்த நான், முதல் ராத்திரியே அவர்கள் உள்ளே வராதபடி அடுக்களைக் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.