தலை உதறாத சேவல்

கோழிக்கடைக்காரனுடைய கண் தராசில் இருக்க வேண்டும், கோழியின் மேல் போகக் கூடாது. இந்தத் தொழில் ஓடுவதே அப்படித்தான். கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பத்து வருஷத்துக்கு முன் கடை போட்டேன். கீழே சேந்தமங்கலத்துப் பக்கம் இருக்கிற பண்ணைகளில் கோழி வாங்கி, என் வேனிலேயே மலை ஏற்றி வருவேன். வெட்டுவது நான், கழுவிப் பையில் போட்டுக் கொடுப்பது என் மனைவி சுமதி.

போன வருஷத்திலிருந்து என் கண் தராசை விட்டு நகர ஆரம்பித்தது. கண் நகர்ந்தால் கை தயங்கும். கை தயங்கினால் கடையை மூட வேண்டியதுதான், எனக்கோ வேறு தொழில் தெரியாது. இதே தொழிலில் இருக்கிற அன்பர்களே, உங்களுக்கும் இந்தக் கண் நோவு வந்திருக்கலாம். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள், நானும் சொல்லவில்லை.

எழுபது வளைவு

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவது நின்றுபோய், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது ஆரம்பமாகும். அன்றைக்கு நாற்பத்து மூன்றாவது வளைவில் என்ஜின் சூடு ஆறட்டும் என்று வேனை ஓரம் கட்டினேன். முன்னாலேயே ஒரு கார் நின்றிருந்தது. சேலத்துக்காரர் ஒருவர், நல்ல கனத்த உடம்பு, மைல் கல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தாயிற்றாம்.

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு என் வேனைப் பார்த்தார். பெட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கோழி, பெட்டி மேல் பெட்டி. ஒவ்வொரு வளைவிலும் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து நசுங்கும், அடுத்த வளைவில் மறுபக்கம். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. வெயிலுக்கு அப்படித்தான் என்று பத்து வருஷமாக நினைத்திருந்தேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு முடியலைன்னு காரை நிறுத்தி எறங்கிட்டனுங்க. அதுங்க யார்கிட்டச் சொல்லி எறங்கும்?"

தரை

முட்டைப் பண்ணைகளில் வியாபாரியை உள்ளே விடமாட்டார்கள், நோய் வந்துவிடும் என்ற பயம். முட்டை ஓய்ந்த கோழிகளைக் கழிக்கும்போது கேட்டிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். ஒருநாள் பிடித்துக் கொடுக்க ஆள் வரவில்லை. மேஸ்திரி பழனிசாமி காலை மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி என்னையும் உள்ளே கூட்டிப் போனார். பழனிசாமியைக் குறை சொல்ல முடியாது. தீவனம், தண்ணீர், மருந்து எல்லாம் மணி தப்பாமல் கொடுப்பவர். கடைசிக் கூண்டு வரைக்கும் கம்பிதான்: சுவர் கம்பி, தரையும் கம்பி. ஒரு கூண்டுக்கு நாலு கோழி, இறக்கையை விரிக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மூக்கு நுனியை வெட்டியிருந்தது. நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்ததால், இழுத்தால் வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

அதில் ஒன்று என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "ஓடப் போகுது, பிடிங்க" என்று கத்திவிட்டேன். அது ஓடவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. பழனிசாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கூண்டைத் திறந்தார். "அது எங்கீங்க ஓடும்? தரைய இன்னைக்குத்தான் பாக்குது."

குஷன் சீட்

வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் செய்கிற முருகேசன் வாரா வாரம் எட்டுக் கோழி வாங்குவார். காலைக் கட்டி, பைக் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். எத்தனையோ தடவை நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரம் ஒரு பெட்டியை எடுத்து நீட்டி, "இதுல வெச்சுப் பின்னால கட்டிக்கங்க" என்றேன். ஏதோ புது வியாபாரம் ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்துப் பெட்டி என்ன விலை என்று கேட்டார். சும்மாதான் என்றதும் அவருக்குச் சந்தேகம் அதிகமானது. தலைகீழாகத் தொங்கினால் பாவமாக இருக்கிறது என்று முனகினேன். கையில் கத்தியை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. முருகேசன் சிரித்தார். "ஏனுங்க, நீங்களும் நானுஞ் சேந்து கொல்லப் போறதுக்குக் குஷன் சீட்டுங்களா?"

சம்மதம்

சடையன் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற மலைக்காரர். மகளுக்குச் சுகப் பிரசவமானால் சேவல் கொடுப்பதாகச் சாமிக்கு வேண்டியிருந்தார். அதற்காகவே வளர்த்த சேவலைப் பூசைக்கு முந்தின நாள் காட்டுப்பூனை தூக்கிப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கியாயிற்று. என்னிடம் ஓடி வந்தார். கறிக்கோழிப் பண்ணைச் சேவலாக இருந்தால் என்ன, சேவல்தானே என்று இருந்ததில் பெரியதைக் கொடுத்தேன். பைக்கில் வைத்து நானே கொண்டுபோயும் விட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

அங்கே கேட்காமல் வெட்ட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், சேவல் சிலிர்த்துத் தலையை உதற வேண்டும். உதறினால் சம்மதம். பூசாரி தெளித்தார். என் சேவல் உட்கார்ந்தே இருந்தது, அந்த உடம்பை அதன் கால் தாங்கவில்லை. இன்னொரு தடவை தெளித்தார். அது மூக்கில் வழிந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தது. மூன்றாவது தடவையும் குடித்தது. யாரும் அவசரப்படவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. சின்னக் கைக்குழந்தையோடு சடையன் மகள்கூடப் பொறுமையாக நின்றாள். ஒரு கோழியின் பதிலுக்காக இருபது பேர் காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் ஒரு நாளைக்கு நாற்பது வெட்டுகிறேன், ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அங்கே நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் பூசாரி சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "உட்டுருங்க சாமி, சடையன் வேற வளத்துக் குடுக்கட்டும். இதுக்குச் சரின்னு சொல்லவுந் தெரியலை, வேண்டாம்னு சொல்லவுந் தெரியலை."

சுமதி

சேவலைத் திரும்பக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் விட்டேன். வெட்ட மனசு வரவில்லை. தீவனத் தட்டுக்கும் தண்ணீர்த் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தே இருந்தது. மூன்றாவது வாரம் அதே இடத்தில் செத்துக் கிடந்தது. அன்றைக்குக் காலையில் முதல் கோழியை எடுத்தவன் அப்படியே பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

இதை எப்படிச் சுமதியிடம் சொல்வது என்று மத்தியானம் வரைக்கும் தவித்தேன். பத்து வருஷத்துத் தொழில், வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான். சண்டை போடுவாள், அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். கடையை மூடிவிடலாம் என்று ஒரு வழியாகச் சொன்னேன். அவள் கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "பத்து வருசமா ஒவ்வொண்ணோட மூஞ்சியும் பாத்துத்தான் கழுவிப் போட்டுட்டு இருக்கறன். நீங்க பாக்கோணும்னுதானுங்க காத்துட்டு இருந்தேன்."

இப்போது அதே கடையில் பலாவும் அன்னாசியும் மிளகும் விற்கிறோம். தட்டிப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், எந்தக் காட்டில் எப்படி விளைந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள், பத்து வருஷத்தில் கோழிக்கு ஒருத்தரும் கேட்காத கேள்வியெல்லாம் ஒரு பலாப்பழத்துக்குக் கேட்கிறார்கள்.